அத்தை போட்ட திருடன் வேடம்

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களோடு பேசிக்கொண்டிருப்பதுதான் அவனுடைய வேலை. இரண்டு மாடிக்கு நடுவில் எங்கேயாவது லிஃப்ட் நின்றுபோனால், உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். இங்கே இவன் காதில் மணி அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேருகிறவரை அந்த ஆள் பதறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பயந்தவர்களிடம் பிள்ளை குட்டிகளைப் பற்றி விசாரிப்பான். கத்துகிறவர்களைக் கத்தவிட்டு "ம்" கொட்டுவான். பேசாமலே இருப்பவர்களுக்கு லிஃப்டின் கயிறு எவ்வளவு கெட்டி என்று விளக்குவான். நாளடைவில் ஆபீசில் அவனுக்கு 'ஆறுதல்' என்றே பெயர் விழுந்துவிட்டது. சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே ஒரு கணம் யோசித்துத்தான் திரும்புவான்.

அப்பேர்ப்பட்ட ஆறுதலுக்கு வீட்டில் ஆறுதல் சொல்ல ஆளில்லை. காரணம் மாமியார்.

மாமியார் பொல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. விமான நிலையத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் ஊரார் பெட்டியைத் திறந்து பார்த்தே பழகிய கை. முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மகள் வீட்டுக்கு வந்தார். கால் தேறிவிட்டது. கைதான் சும்மா இருக்கமாட்டேன் என்றது. வாசல் கதவுக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் "பையில என்ன?" என்று கேட்க ஆரம்பித்தார். அதட்டமாட்டார். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை, அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு முன்னால் பையில் ஒன்றுமே இல்லாதவனுக்கும் எதையாவது ஒப்புக்கொண்டுவிடலாமா என்று தோன்றும். குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர் தன்னுடைய ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்து வைத்து, எது எதற்கு என்று விளக்கம் சொல்லிவிட்டுத்தான் சமையலறைக்குள் போனார்.

ஆறுதலுக்கு டாக்டர் இனிப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். அதனால் அவன் சாக்லேட்டைக் குடைக்குள் மறைத்துக் கொண்டுவந்தான். மாமியார் குடையை வாங்கினார், கையில் வைத்து எடை பார்த்தார், விரித்தார். மூன்று சாக்லேட் பொத்தென்று விழுந்தன.

"குடை கனமா இருக்கக் கூடாதே, மாப்பிள்ளை," என்றார்.

இந்தப் பக்கம் இப்படி என்றால், ஆபீசில் மேனேஜர் உயிரை எடுத்தார். மேனேஜருக்கு ஓர் ஆன்லைன் விளையாட்டில் பைத்தியம். அரக்கர்களும் மந்திரவாதிகளும் உலவுகிற ஒரு கற்பனை நாடு; கூட்டம் சேர்த்துக்கொண்டு போய் டிராகன்களைக் கொல்ல வேண்டும். மேனேஜர் அதில் தங்கக் கேடயம் ஏந்திய வீரன், கூட்டத்துக்குத் தலைவர். ஆபீஸ் ஆட்களை எல்லாம் அதில் இழுத்துப் போட்டிருந்தார். அடிபட்டவர்களைக் குணப்படுத்த ஒரு வைத்தியர் மட்டும் அவருக்கு அமையவே இல்லை. யாருக்கும் அந்த வேடம் பிடிக்கவில்லை. எல்லாரும் வெட்டவே விரும்பினார்கள்.

"உன் வீட்டுல யாராவது இருந்தா கூட்டிட்டு வாய்யா," என்றார் மேனேஜர், ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது.

ஆறுதலுக்குச் சட்டென்று ஒரு யோசனை பிறந்தது. மாமியாரை அதில் உட்கார வைத்துவிட்டால் மேனேஜருக்கு வைத்தியர் கிடைத்த மாதிரியும் ஆகும்; வாசல் நாற்காலி காலியான மாதிரியும் ஆகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். "இருக்காங்க சார். ரொம்பப் பொறுமைசாலி. அடுத்த வாரம் வந்துடுவாங்க," என்று வாக்கும் கொடுத்துவிட்டான். யார் என்று மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவனுக்கே தெரியாது. மாமியார் விஷயத்தில் எதையும் முழுதாகச் சொல்லாமல் இருப்பது அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலில் இருந்த கம்ப்யூட்டரைத் திறந்து மாமியாரை முன்னால் உட்கார வைத்தான். திரையில் ஆறு உருவங்கள் வரிசையாக நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. மேலே பொன்னெழுத்தில், 'உங்கள் வேடத்தைத் தேர்ந்தெடுங்கள்.'

"யாரு இவங்கல்லாம்?"

"இதுல ஒருத்தர் நீங்க, அத்தை. யாரா இருக்கணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்."

"இப்பவாவது கேட்டாங்களே," என்றார் மாமியார்.

ஆறுதல் நேரே வைத்தியரிடம் போனான். "இவங்களைப் பாருங்க. எல்லாரும் கையெடுத்துக் கும்பிடற வேடம். சண்டை போட வேண்டாம், ஓட வேண்டாம், பின்னாடி நின்னு ஆளுங்களைக் குணப்படுத்தினாப் போதும். உங்களுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும்."

மாமியார் வைத்தியரின் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் தொங்கியதைப் பார்த்தார்.

"பையில என்ன?"

"மருந்துதான்."

"என்ன மருந்து?"

"பச்சையா ஒண்ணு, சிவப்பா ஒண்ணு."

"லேபிளைக் காணோமே."

"விளையாட்டுதானே அத்தை."

"லேபிள் இல்லாத மருந்துல விளையாட்டு என்ன வேண்டியிருக்கு?" என்று அடுத்தவனிடம் நகர்ந்தார். "இவன் இடுப்புல ஏதோ சுருக்குப் பை."

"மந்திரவாதி. அதுல பொடி வெச்சிருப்பான். ஊதினா எதிரி அப்படியே மயங்கி விழுந்துடுவான்."

மாமியார் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டார். "மேல சொல்லுங்க."

வீரனைக் காட்டினான். உறை இல்லாத கத்தி. வில்லாளியைக் காட்டினான்.

"இதுல நீங்க யாரு மாப்பிள்ளை?"

"வில்லாளி."

"ஏன்?"

"எல்லாருக்கும் பின்னாடி நிக்கலாம்."

மாமியார், அப்படித்தான் இருக்கும் என்பதுபோலத் தலையாட்டினார். ஆறுதலுக்குச் சுருக்கென்றது. ஐந்தாவது, மிருகங்களைப் பழக்குகிறவன். பக்கத்தில் ஒரு கரடி பின்னங்காலில் நின்று காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

"கரடிக்குத் தடுப்பூசி போட்டிருக்கா?"

"அது... போட்டிருப்பாங்க."

"சீட்டு இருக்கா?"

ஆறுதல் கரடியை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"சரி, இவங்க எல்லாரும் ஊருக்குள்ள போறப்ப யார் பையைப் பாக்கறது?"

"யாரும் பாக்கறதில்ல. அப்படியே போக வேண்டியதுதான்."

"துறைமுகத்துல?"

"அங்கயும் அப்படித்தான்."

மாமியார் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஒரு தேசமே இப்படிக் கிடக்கிறதே என்ற வேதனை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. "கத்தி, பொடி, கரடி! திறந்த வீட்டுல நாய் நுழையற மாதிரில்ல இருக்கு?" பிறகு திரையின் ஓரத்தைச் சுட்டினார். "இருட்டுல நிக்கிறானே, அவனைக் காட்டவே இல்லையே நீங்க?"

"அவன் வேண்டாம் அத்தை. திருடன். நம்ம குடும்பத்துக்கு ஒத்துவராது."

மாமியார் குனிந்து, திருடனின் காலடியில் இருந்த சின்ன எழுத்துகளைப் படித்தார். 'சிறப்புத் திறமை: அடுத்தவர் பையைத் திறந்து பார்க்கலாம். ஒரு பொருளை எடுக்கலாம்.' இன்னொரு முறை வாய்விட்டே படித்தார்.

"இதை ஏன் நீங்க முதல்லயே சொல்லல?" என்று அழுத்திவிட்டார்.

"அத்தை, அது திருடன்!"

"பேர் என்னவா இருந்தா என்ன? அதிகாரம் அவன் ஒருத்தன்கிட்டதானே குடுத்திருக்காங்க."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னம்மா ஆன?"

"திருடன்."

"சரி," என்று அவள் மறுபடியும் துணியிடம் போய்விட்டாள். பிறந்ததிலிருந்து அம்மாவைப் பார்க்கிறவள்.

அந்த விளையாட்டில் தலைநகருக்குள் போக ஒரு கல்பாலம் உண்டு. டிராகன் வேட்டைக்குப் போய்த் திரும்புகிற அத்தனை பேரும் அதன் வழியாகத்தான் வந்தாக வேண்டும். மாமியாரின் திருடன், கறுப்பு முக்காடும் குட்டைக் காலுமாகப் போய், அந்தப் பாலத்தின் நடுவில் நின்றான். பக்கத்தில் வருகிறவர்களுக்கு அவர் பேசுவது கேட்கும். முதலில் வந்தவன் ஆளுயரக் கோடரி வைத்திருந்த ஒரு முரடன்.

"பையில என்ன?" என்றார் மாமியார்.

முரடன் விலகி ஓடியிருக்கலாம். ஒரே வெட்டாக வெட்டியும் போட்டிருக்கலாம். ஏனோ நின்றுவிட்டான். மாமியார் பையைத் திறந்து பார்த்து, ஒரு விஷப் புட்டியை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, "போகலாம்," என்றார். முரடன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். அவன் நின்றதைப் பார்த்து அவனுக்குப் பின்னால் ஒருவன் நின்றான். அவன் பின்னால் இன்னொருவன். வரிசை ஒன்றைக் கண்டுவிட்டால் அதில் போய் நிற்காவிட்டால் மனிதனுக்குக் கால் தரிக்காது. எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே பூதங்களும் குள்ளர்களும் இளவரசிகளும் பாலத்துக்கு வெளியே வயல்வரை நின்றார்கள்.

மாமியாரின் சட்டம் எளிது. விஷம், உயிருள்ள பிராணி, முளைக்கிற விதை, பொரிக்கிற முட்டை, இவை ஊருக்குள் போகக் கூடாது. எடுத்த பொருளைத் தொலைக்கமாட்டார். பாலத்தடியில் ஒரு பெட்டியில் பூட்டி வைத்து, எப்போது கேட்டாலும் ஊருக்கு வெளியே வைத்துத் திருப்பிக் கொடுப்பார். கொஞ்ச நாளில் வேறு இரண்டு திருடர்கள் வந்து அவரிடம் உதவிக்குச் சேர்ந்துகொண்டார்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு என்று ஒருவன் தனி வரிசை போட்டான். கரடிகள் ஒதுங்கி நிற்பதற்கு ஒரு கொட்டகையும் எழும்பியது.

வீட்டு வாசலில் நாற்காலி காலியாகிவிட்டது. ஆறுதல் நிம்மதியாக மூச்சு விட்டான். மேனேஜரிடம் மட்டும், "வைத்தியர் வழியில இருக்காங்க சார்," என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மேனேஜர் அவன் மேசைக்கே வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. அப்போது ஆறுதல், மருத்துவமனை லிஃப்ட் ஒன்றில் சிக்கிக்கொண்ட ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தான்.

"முட்டையைப் புடுங்கிட்டாங்கய்யா," என்று மேனேஜர் கிசுகிசுத்தார்.

ஆறுதல் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினான். "எந்த முட்டை சார்?"

"டிராகன் முட்டை. போன வாரம் கொன்னோமே, அதுகிட்ட இருந்தது."

"அதுகிட்ட ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே சார்?"

மேனேஜர் சுற்றும் முற்றும் பார்த்தார். "கூட்டத்துக்குச் சொன்னேன். பத்திரப்படுத்தி வெச்சுட்டு அப்புறமா சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அந்தப் பாலத்துல ஒரு அம்மா, பொரிக்கக்கூடிய முட்டைன்னு எடுத்து வெச்சுட்டாங்க. கேட்டா, ஊருக்கு வெளியேதான் தருவாங்களாம். ஊருக்கு வெளியே வாங்கி நான் எங்கய்யா கொண்டு போவேன்? என் வீடு ஊருக்குள்ளதானே இருக்கு!"

கை சரியாகப் பொத்தவில்லை போலிருக்கிறது. காதில் லிஃப்டில் சிக்கியிருந்தவர் பேசினார். "சார், நீங்க சொல்றது அந்தப் பாலத்து அம்மாவையா? என்கிட்டயும் ஒரு பாம்பை எடுத்துட்டாங்க. ஆனா ஒண்ணு சொல்லணும் சார், பேச்சு மரியாதையா இருந்தது."

"மெக்கானிக் பக்கத்துல வந்துட்டார் சார், பயப்படாதீங்க," என்றான் ஆறுதல். உண்மையில் பயந்தது அவன்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாலத்தைப் பிடித்தே தீருவது என்று மேனேஜர் படை திரட்டினார். முட்டையைப் பற்றிப் படைக்குச் சொல்லவில்லை. பொதுமக்களின் சுதந்திரத்துக்காக என்று சொன்னார். ஆபீஸ் முடிந்ததும் எல்லாரும் அவரவர் வீட்டுக்கு ஓடிப்போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். ஆறுதல் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தான். ஹாலில் மாமியார். நடுவில் ஒரு கதவு.

மேனேஜரின் படை வயலைக் கடந்து பாலத்துக்கு வந்தது. வழக்கம்போல ஆறுதலின் வில்லாளி எல்லாருக்கும் பின்னால் நின்றான். கேடயம் பளபளக்க மேனேஜர் முன்னால் போய்க் கத்தியை உருவினார். "வழி விடு! இல்லன்னா..."

"வரிசையில வாங்க," என்றான் குட்டைத் திருடன்.

படை தயங்கியது. கணக்குப் பிரிவுக்காரர் முதலில் போய் வரிசையின் கடைசியில் நின்றார். அவர் பின்னால் வரவேற்பு மேசைப் பெண். "ஏய், எங்கே போறீங்க?" என்று மேனேஜர் கத்தக் கத்த, படை வரிசையாக மாறிக்கொண்டிருந்தது.

பிறகு மேனேஜரின் குரல் ஆறுதலின் காதில் தனியாகக் கேட்டது. "ஆறுதல், ஒரு விஷயம் கவனிச்சியா? அந்த அம்மா பேசறது எனக்கு ரெண்டு தடவை கேக்குது."

"அப்படியா சார்?"

"ஒரு தடவை பாலத்துல. ஒரு தடவை உன் மைக்குல."

ஆறுதல் மைக்கை அணைக்கும் பொத்தானை அவசரமாகத் தேடினான். அந்த நேரம் பார்த்துக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியார், "மாப்பிள்ளை, கொஞ்சம் அந்த ஃபேனைக் குறைச்சுட்டுப் போங்க, இங்க முக்கியமான சோதனை நடக்குது," என்று குரல் கொடுத்தார். அது இரண்டு வழியிலும் கணீரென்று போய்ச் சேர்ந்தது. பாலத்தில் நின்ற பூதங்கள்கூடத் திரும்பிப் பார்த்தன.

"யாருய்யா அது?"

"என் மாமியார், சார்."

மேனேஜரின் வீரன், உருவிய கத்தியோடு அசையாமல் நின்றான். கடைசியில் வந்த குரலில் கோபம் இல்லை, ஒரு தோழமைதான் இருந்தது. "மாமியாரா? அதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? நான் என்னென்னமோ பேசிட்டேனே." கத்தியை உறையில் போட்டார். போய் வரிசையில் நின்றார்.

அவர் முறை வந்தது. "அறிவிக்க ஏதாவது இருக்கா?" என்றார் மாமியார்.

"இன்னிக்கு இல்லம்மா. ஏற்கெனவே எடுத்து வெச்ச முட்டை ஒண்ணு..."

"எந்த முட்டை சார்?" என்று கணக்குப் பிரிவுக்காரர் பின்னாலிருந்து கேட்டார். "டிராகன்கிட்ட முட்டை இல்லன்னுதானே சொன்னீங்க?"

"அது வேற முட்டை," என்றார் மேனேஜர். யாரும் நம்பவில்லை.

மாமியாரின் உதவியாளன் பாலத்தடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். திறக்கச் சாவியைப் போட்டபோது உள்ளே டக் டக் என்று சத்தம். மூடி தானாகத் தூக்கிக்கொண்டது. ஓட்டுத் துண்டைத் தலையில் தொப்பிபோல மாட்டிக்கொண்டு பூனையளவு டிராகன் குஞ்சு ஒன்று வெளியே வந்தது. எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. தும்மியது, மேனேஜரின் கேடயத்தில் பாதி கருகியது. பிறகு நேரே குட்டைத் திருடனின் காலடிக்குப் போய் முக்காட்டுக்குள் புகுந்துகொண்டது.

"அது என்னுது," என்றார் மேனேஜர், பலவீனமாக.

"கூப்பிடுங்க. வந்தாக் கூட்டிட்டுப் போங்க."

மேனேஜர் கூப்பிட்டார். விசிலடித்தார். நாக்கால் சொடக்குப் போட்டார். லிஃப்ட் கம்பெனியின் மேனேஜர், தன்னிடம் வேலை பார்க்கிற அத்தனை பேர் முன்னிலையில், "வாடி ராஜாத்தி, வாடி," என்று கெஞ்சினார். குஞ்சு முக்காட்டுக்குள்ளிருந்து வாலை மட்டும் வெளியே நீட்டியது. வரவில்லை.

ஹாலில் சத்தமே இல்லை. ஆறுதலுக்கு என்னவோபோல் இருந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். மாமியார் இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரம் பெட்டி திறந்த கை அது. எந்தப் பெட்டியும் இதற்கு முன்னால் அவரைத் தேடி வந்து ஒட்டிக்கொண்டதில்லை.

"மாப்பிள்ளை, இதுக்கு என்ன குடுக்கறது?" என்றார்.

மாமியார் அவனிடம் ஒன்றைத் தெரியாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆறுதல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்குப் பின்னால் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்தான். "மீன் சாப்பிடும்னு நினைக்கிறேன், அத்தை. ஆத்துல பிடிக்கலாம். தூண்டில் வாங்கித் தரேன்." இருவருமாகச் சேர்ந்து பாலத்தடியில் மீன் பிடிக்கப் போனார்கள். வரிசையை உதவியாளர்கள் பார்த்துக்கொண்டார்கள். மாமியார் தூண்டிலை வீசிய அழகைப் பார்த்து, துணி மடித்துக்கொண்டிருந்த மகளும் வந்து பின்னால் நின்றாள்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வேலை போகப்போகிறது என்றே ஆறுதல் நினைத்தான். மேனேஜர் மேசைமேல் இருந்த பேனாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார்.

"சாப்பிடுதா?"

"சாப்பிடுது சார். மீன்."

"முள் எடுத்துக் குடுக்கறாங்களா?"

"எடுத்துத்தான் குடுக்கறாங்க."

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதோட ஆத்தாளை நான்தான்யா கொன்னேன். அதனால கேக்கறேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போகலாமா? உங்க மாமியார்கிட்ட கேட்டுச் சொல்லேன்."

ஆறுதல் கேட்டான். மாமியார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு மேல வரச் சொல்லுங்க. தூங்கி எழுந்திருக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கே பாதி கருகிய கேடயத்தோடு ஒரு வீரன் பாலத்து வரிசையில் வந்து நின்றான். முன்னால் இருந்த பூதம் வழி விடத் தயாராக இருந்தும் அவன் முந்தவில்லை. தன் முறை வந்ததும் பையைத் தானே திறந்து நீட்டினான்.

"மீன்," என்றார் மேனேஜர். "ஆறு. முள் எடுத்தது."